நாம் வாழும் மாநிலத்தின் மக்கள்

(பிலாஸ்பூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசவும் இசை பேசவும் வல்லவர்கள் நம்மிடையே பலர் உளர். நான் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன். ரிஜிஸ்தரில் பெயரும் வயதும் பிறந்த தேதியும் எழுதி எழுதிப் பழகிய கை இது. ஆகவே, கைக்குப் பழகிய பொருளையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். அப்பொருள் கணக்கு, ரூபாய்க் கணக்கு அன்று, மக்கட் கணக்கு. நாம் உப்புத் தின்று வாழும் இந்தச் சத்தீஸ்கர் மாநிலத்தில் மக்கள் எத்தனை பேர். அவருள் இளையோர் எத்தனை, முதியோர் எத்தனை. ஆண் எத்தனை, பெண் எத்தனை. எவ்வெவ்வினத்தார் என்பவற்றை இயன்றவரை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

இதனைச் சொல்லவேண்டிய அவசியம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நம் காலனிக் குழந்தை ஒன்றை நிறுத்தி, தமிழ்நாட்டு மாவட்டங்களின் பெயர்களைக் கேளுங்கள், பத்தாவது சொல்லும். காய்கறி கொண்டுவரும் அம்மாள் எந்த வகுப்பைச் சேர்ந்தவர், வீட்டில் என்ன மொழி பேசுகிறவர் என்று கேளுங்கள்; அதற்கு விடை வராது. குழந்தையைக் குறை கூறிப் பயனில்லை. பெரியவர்களாகிய நாமே அவர்கள் அனைவரையும் 'லோக்கல் ஆட்கள்' என்னும் ஒற்றைச் சொல்லில் கட்டி மூட்டையாக்கி வைத்துவிட்டோம். அந்த மூட்டைக்குள் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள். அதனை இன்று சற்றே அவிழ்த்துப் பார்ப்போம்.

குடிமதிப்பு என்னும் கணக்கு

நம் பாட்டனார் காலத்தில் இதற்குக் 'கானேஷுமாரி' என்று பெயர். பின்னர் குடிமதிப்பு என்றனர். இக்காலத்தார் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு என்கின்றனர். இந்தியாவில் 1872-ல் முதல் முயற்சி நடந்தது. நாடு முழுவதும் ஒரே காலத்தில் எண்ணியது 1881-ல். அதுமுதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்து வந்தது. 1931 வரையில் ஒரே இரவில் எண்ணும் வழக்கமிருந்தது. ரயிலில் பயணம் செய்தோரையும் அவ்விரவில் எண்ணினார்கள். 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாகச் சென்று எழுதினர். பிப்ரவரி 28 இரவு, வீடற்றவர்களை அவர்கள் படுத்திருந்த இடத்திலேயே எண்ணினார்கள். பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் படுத்தவனுக்கும் அந்தப் பேரேட்டில் ஓர் இடம் உண்டு. மாளிகையில் உறங்கினவனுக்கும் ஒரே எண்தான்; அவனுக்கும் ஒரே எண்தான். இதைவிடச் சிறந்த சமத்துவத்தை வேறெந்தப் பேரேட்டிலும் நான் கண்டதில்லை.

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொள்ளை நோயின் காரணமாகத் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அடுத்த குடிமதிப்பு எடுக்கப்படும் என்று 2025 ஜூன் மாதத்தில் அரசு அறிவித்தது. ஆதலின் நான் கூறும் எண்கள் பெரும்பாலும் 2011-ஆம் ஆண்டினவே.

அவ்வாண்டில் சத்தீஸ்கரின் மக்கள் தொகை 2,55,45,198. தமிழ்நாட்டின் தொகை 7,21,47,030. பரப்பளவிலோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இது 1,35,000 சதுர கிலோமீட்டர், அது 1,30,000. அங்கே சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் நெருங்கி வாழ, இங்கே 189 பேரே வாழ்கின்றனர். இன்றைய எல்லைக்குட்பட்ட சத்தீஸ்கர்ப் பகுதியில் 1901-ல் இருந்தவர் ஏறத்தாழ 42 லட்சம். அதற்கு முந்திய சில ஆண்டுகளில், 1896-97-லும் 1899-1900-லும், இரண்டு பெரும் பஞ்சங்கள் இந்நாட்டை வாட்டியிருந்தன. அந்த 42 லட்சம் 110 ஆண்டுகளில் ஆறு மடங்காயிற்று.

வயது

முதலில் வயதைப் பார்ப்போம். மக்களை வயதுவாரியாக அடுக்கி, சிறு குழந்தைகளை அடியிலும் முதியோரை உச்சியிலும் வைத்துப் படம் வரைந்தால், பிறப்பு மிகுந்த நாட்டில் அது நம் ஊர்க் கோபுரம் போலிருக்கும். அடி அகன்று உச்சி குறுகும். பிறப்புக் குறையக் குறைய அடி ஒடுங்கி நடுவயிறு பருத்து, பானையின் வடிவம் கொள்ளும். ஒரு ராஜ்யத்துக்குப் பள்ளிக்கூடம் மிகுதியாக வேண்டுமா, தொழிற்சாலை வேண்டுமா, முதியோர்க்கு மருத்துவமனை வேண்டுமா என்பதை அந்தப் படம் சொல்லிவிடும்.

2011-ல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் சத்தீஸ்கரில் நூற்றுக்கு 14 பேருக்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் 10 பேருக்குச் சற்று மேல். அறுபது வயது கடந்தோர் இங்கே நூற்றுக்கு 8 பேருக்குச் சற்றுக் குறைவு. அங்கே 10 பேருக்கு மேல். அஃதாவது, சத்தீஸ்கர் இன்னும் கோபுரத்தை ஒத்தது. தமிழ்நாடு பானையாகத் திரண்டுவிட்டது. ஆயினும் இங்கும் அடி ஒடுங்கத் தொடங்கிவிட்டது. 2015-16-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி இம்மாநிலத்தில் ஒரு தாய்க்குச் சராசரி 2.2 மகவு, 2019-21-ல் அது 1.8 ஆகக் குறைந்தது. தாயும் தந்தையுமாகிய இருவரின் இடத்தை நிரப்ப 2.1 வேண்டும் என்பது இத்துறையார் கணக்கு. இனி இருபது முப்பது ஆண்டுகளில் இம்மாநிலமும் முதியோர் மிகுந்த மாநிலமாகும் என்பதற்கு இதனினும் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை.

இக்குறைவு எளிதில் வந்ததன்று. 2014 நவம்பரில் நம் பிலாஸ்பூர் மாவட்டத்திலேயே நடந்த கருத்தடை முகாமை இங்குள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது. பத்துக்கும் மேற்பட்ட தாய்மார் உயிர் துறந்தனர். மக்கள் தொகையைக் குறைப்பதென்றால் அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதை அந்நிகழ்ச்சி நாட்டுக்குக் காட்டிற்று. புள்ளியைப் படிக்கும்போதெல்லாம் அப்புள்ளிக்குப் பின்னே ஒரு வீடு இருப்பதை மறவாதிருப்போமாக.

இனி நம் காலனியின் வயதுப் படத்தை மனத்தில் வரைந்து பாருங்கள். இஃது ஒரு விசித்திரமான படம். இருபத்தைந்து முதல் அறுபது வரை உள்ள பகுதி தூணைப்போல் நிற்கிறது. குழந்தைகள் உண்டு, ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் கோவைக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். அறுபதாம் ஆண்டில் ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் புறப்படுகிறார். பாட்டனும் பாட்டியும் குளிர்காலம் வருமுன் திரும்பிவிடுகின்றனர். கோபுரம் இருக்கிறது, கலசம் இல்லை. நம் பிள்ளைகள் முதுமையைக் காணாமலே வளர்கின்றனர். நோய்ப் படுக்கையையும், பேரனைப் பெயர் மாற்றி அழைக்கும் தளர்ச்சியையும், கதை சொல்லும் இரவையும் விடுமுறை நாள்களில் மட்டுமே காண்கின்றனர். தமிழ் மறந்து போகிறதே என்று நாம் வருந்துகிறோமே, அதற்கு இந்தப் படமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். மொழியைக் கைமாற்றித் தரும் வயதினர் நம் காலனியில் இல்லை.

பால்

அடுத்தது ஆண் பெண் கணக்கு. இதில்தான் சத்தீஸ்கர் நமக்கு ஆசிரியனாக நிற்கிறது.

2011-ல் இங்கு ஆண்கள் 1,28,32,895, பெண்கள் 1,27,12,303. ஆயிரம் ஆண்களுக்கு 991 பெண்கள். நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு 943 தான். தமிழ்நாட்டில் 996. சத்தீஸ்கரில் 1901-ல் இவ்வெண் 1046, 1951-ல் 1024, அதாவது பெண்களே மிகுதி. பஞ்ச காலங்களில் ஆண்களே மிகுதியாக மடிவர் என்பது உலகில் பல நாடுகளில் கண்ட உண்மை. பிழைப்புத் தேடி ஆண்கள் வெளியூர் போவதும் உண்டு. பழைய எண்ணின் உயர்வுக்கு இவையும் காரணமாகலாம். ஆகவே முழு எண்ணை மட்டும் நோக்கி முடிவு கட்டலாகாது. பிழைப்புக்காக இடம் பெயராத, பஞ்சம் பார்க்காத குழந்தைகளின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இயற்கையின் விதிப்படி நூறு பெண் மகவுக்கு ஏறத்தாழ 105 ஆண் மகவு பிறக்கின்றது. அஃதாவது ஆயிரம் ஆணுக்குச் சுமார் 950 பெண். ஆறு வயதுக்குட்பட்டோரில் நாடு முழுவதும் 2011-ல் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 919 பெண் குழந்தைகளே இருந்தனர். தமிழ்நாட்டில் 943. சத்தீஸ்கரில் 969! படிப்பில் நம் தாயகம் இம்மாநிலத்தினும் பத்து விழுக்காடு முன்னே நிற்கிறது. செல்வத்திலும் தொழிலிலும் முன்னேதான். பெண் குழந்தையை வாழவைக்கும் கணக்கில் மட்டும் 'லோக்கல் ஆட்கள்' என்று நாம் சொல்லும் இம்மக்கள் நம்மை முந்தி நிற்கிறார்கள். பிறந்த பெண் குழந்தையைக் கொல்லாதீர், அரசிடம் தாரீர் என்று வேண்டித் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்தது தமிழ்நாட்டில், ஆண்டு 1992. இதனைச் சொல்ல நா கூசுகிறது. ஆயினும் தமிழர் கூடிய மேடையில் தமிழன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இவர்கள் முந்தி நிற்பதற்குக் காரணம் யாது? வயலிலும் காட்டிலும் பெண்கள் சரிநிகராக உழைக்கின்றனர். 2011 கணக்கில் வேலை செய்யும் பெண்கள் இங்கே நூற்றுக்கு 40 பேரை ஒட்டியுள்ளனர். தமிழ்நாட்டில் 32 பேர். பழங்குடியினர் பலரிடம் மணமகன் வீட்டார் பெண் வீட்டுக்குப் பொருள் கொடுத்துப் பெண்ணைப் பெறும் வழக்கம் இருந்து வந்தது. பெண் பிறந்தால் வீட்டுக்குக் கடன் என்னும் எண்ணம் அங்கே வேரூன்றுவதற்கு இடமேது? இவ்வழக்கத்திலும் குறைகள் உண்டு. பெண்கள் எழுத்தறிவில் இம்மாநிலம் நூற்றுக்கு 60 என்று பின்தங்கியே இருந்தது. ஆனால் உயிரோடிருக்கும் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பலாம். பிறவாத பெண்ணை எங்கே அனுப்புவது?

இன்னுமொரு செய்தி நம் நெஞ்சில் தைக்க வேண்டும். இதே சத்தீஸ்கரின் கிராமங்களில் குழந்தைக் கணக்கு 977, நகரங்களில் 937. ஸ்கேன் கருவி எங்கே உண்டோ, சம்பளமும் படிப்பும் எங்கே உண்டோ, வரதட்சிணை எங்கே பேசப்படுகிறதோ அங்கே பெண் குழந்தை குறைகிறாள். நகரம் என்றால் யார்? கடைத்தெருவும் காலனியும் சேர்ந்ததே நகரம். 1994-ல் சட்டம் வந்தது. கருவிலுள்ள பாலை அறிவிப்பது குற்றமாயிற்று. சட்டம் மருத்துவமனையின் வாயில் வரை வரும். வீட்டுச் சமையலறையில் மாமியாரும் மருமகளும் பேசும் பேச்சுக்குள் அது நுழையாது. அங்கே நுழைய வேண்டியது நம் மனச்சாட்சி.

இனம்

மூன்றாவது இனம். இச்சொல்லைக் கவனத்தோடு கையாள வேண்டும். 1901-ல் குடிமதிப்புக்குத் தலைமை வகித்த ரிஸ்லி என்பார், மூக்கின் நீள அகலத்தை அளந்தே மக்களை இனம் பிரித்துவிடலாம் என்று நம்பினார். இந்தப் பகுதியிலுள்ள குலங்களைப் பற்றி ரஸ்ஸல், ஹீராலால் என்னும் இருவர் 1916-ல் நான்கு பெரிய தொகுதிகள் வெளியிட்டனர். 1931 வரை சாதிகள் அனைத்தையும் எண்ணிப் பட்டியலிட்டார்கள். சுதந்திர இந்தியாவில் 1951 முதல் தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் பழங்குடியினரையும் மட்டுமே தனியே எண்ணினர். மூக்களவும் மண்டையோட்டளவும் பொய்க் கணக்கென்று அறிவியலார் என்றோ கைவிட்டனர். இந்நாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கலந்தவர்கள் என்பதே இன்றைய ஆராய்ச்சியின் முடிவு. வருகின்ற 2027 குடிமதிப்பில் மீண்டும் எல்லாச் சாதிகளையும் எண்ணுவதென்று அரசு 2025-ல் முடிவு செய்தது. அதன் நன்மை தீமைகளை நாடு வாதிக்கட்டும். நாம் எண்ணிக்கைக்கு வருவோம்.

சத்தீஸ்கரில் நூறு பேரில் 31 பேரை ஒட்டிப் பழங்குடியினர், எண்ணிக்கை 78,22,902. தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஒருவரே பழங்குடியினர் என்பதை நினைத்தால் வேற்றுமை விளங்கும். தெற்கே பீஜாப்பூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 80 பேர் பழங்குடியினர். இவர்களுள் பாதிக்கு மேற்பட்டவர் கோண்டு மக்கள். கன்வர், உராவ், ஹல்பா, பத்ரா எனப் பின்னும் பல பிரிவினர் உளர். அபூஜ்மாரியா, பைகா, பிர்ஹோர், கமார், மலைக் கோர்வா என்னும் ஐவகையினர் மிகவும் நலிந்தோராகக் கருதப்பெற்றுத் தனிப் பாதுகாப்பில் வைக்கப்பட்டுள்ளனர். தாழ்த்தப்பட்ட வகுப்பினர் நூற்றுக்கு 13 பேரை ஒட்டியுள்ளனர். அவர்களுள் பெரும் பகுதியினர் சத்நாமிகள். 1756-ல் கிரௌத்புரியில் பிறந்த குரு காசிதாசரின் வழி நிற்பவர்கள். மனிதர் யாவரும் ஒருவரே என்று அவர் போதித்தார். டிசம்பர் 18-ஆம் நாள் வெண்கொடி ஏந்தி ஊர்வலம் வருகிறார்களே, அவர்களைக் காலனி வேலியருகே நின்று வேடிக்கை பார்த்ததோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம்.

கோண்டு மக்களைப் பற்றித் தமிழர் அறியவேண்டிய ஒன்று உண்டு. கோண்டி மொழியில் ஒன்று இரண்டு எண்ணுவதைக் கேளுங்கள்: உந்தி, ரண்டு, முந்து, நாலுங்கு, சையுங்கு, சாருங்கு. வட்டாரந்தோறும் ஒலி சற்று மாறும். கண்ணுக்குக் 'கன்' என்றும், கைக்குக் 'கை' என்றும் சொல்கிறார்கள். 1856-ல் கால்டுவெல் பாதிரியார் தம் ஒப்பிலக்கணத்தில் கோண்டு மொழியையும் தமிழோடு ஒரே குடும்பத்தில் வைத்தார். உராவ் மக்களின் குடுக் மொழியும் இக்குடும்பத்ததே. 2011-ல் இந்தியா முழுவதிலும் கோண்டி பேசுவோர் ஏறக்குறைய 30 லட்சம். குடுக் பேசுவோர் ஏறக்குறைய 20 லட்சம். ஆயிரம் கல் கடந்து அந்நிய மொழி நடுவே வந்துவிட்டோம் என்று நாம் ஏங்குகிறோம். நம் ரயிலில் விறகுக் கட்டோடு ஏறும் மூதாட்டியின் வாயில் நம் மொழியின் தங்கை வாழ்கிறாள். மொழி ஒன்றாயிருப்பதால் இரத்தமும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. அது வேறு கணக்கு. ஆனால் உறவு கொண்டாட மொழி போதாதா?

சத்தீஸ்கரி மொழியின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 2011-ல் அதனைத் தாய்மொழியாகச் சொன்னவர் 1 கோடி 62 லட்சம் பேர். அவ்வளவு பேரும் குடிமதிப்பு அறிக்கையில் இந்தி என்னும் தலைப்பின்கீழ்ச் சேர்க்கப்பட்டனர். 2007-ல் மாநிலச் சட்டமன்றம் சத்தீஸ்கரியையும் ஆட்சி மொழியாக ஏற்றது. தமிழுக்குத் தனித் தலைப்பு உண்டு, பெயர் உண்டு. தன் மொழிக்குத் தனிப் பெயர் வேண்டுமென்று விரும்பும் அண்டை வீட்டானின் உள்ளத்தை மற்ற எவரினும் தமிழன் எளிதில் உணர வேண்டும் அன்றோ?

வந்தவரும் போனவரும்

இம்மாநிலத்தின் தொகையில் வந்தேறிகளாகிய நாமும் அடக்கம். 1887-ல் வங்காள நாகபுரி ரயில்வே தோன்றிப் பிலாஸ்பூர் வழியாகத் தண்டவாளம் போட்டது. அதனோடு பல மொழியாளரும் வந்தனர். 1959-ல் பிலாய் உருக்காலையின் முதல் உலை எரிந்தது. அங்கும் நாட்டின் நாற்புறத்தாரும் குடியேறினர். 1958-ல் தொடங்கிய தண்டகாரணியத் திட்டத்தில் கிழக்கு வங்கத்து அகதிகள் தெற்குக் காடுகளில் குடியமர்த்தப்பட்டனர். வடக்கே மைன்பாட்டு மலையில் திபெத்தியர் வாழ்கின்றனர். 2003-ல் பிலாஸ்பூர் தனி ரயில்வே மண்டலத்தின் தலைமையிடமானதும் நம் காலனி மேலும் பெருகிற்று.

நாம் வந்த அதே ரயிலில் இம்மண்ணின் மக்கள் வெளியே போனார்கள் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? பஞ்சத்தில் அடிபட்டு அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் உண்டு. ஜாம்ஷெட்பூருக்கும் கரக்பூருக்கும் போனவர்கள் உண்டு. சத்தீஸ்கரிலிருந்து பாராளுமன்றம் சென்ற முதல் பெண்மணியான மினிமாதா அவ்வாறு போன குடும்பத்தில் அசாமில் பிறந்தவரே. இன்றும் அறுவடை முடிந்ததும் குடும்பம் குடும்பமாக, சட்டி பானையோடும் கைக்குழந்தையோடும், செங்கற் சூளைகளுக்கும் கட்டிட வேலைக்கும் வட நாட்டு ரயில்களில் ஏறுகிறார்கள். அங்கே அவர்களுக்குப் 'பிலாஸ்புரி' என்று பெயர். இங்கே நம்மை ஒரே சொல்லில் 'மதராஸி' என்று சொன்னால் நமக்கு முகம் சுளிக்கிறது. அங்கே அவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நாம் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் வந்தோம். அவர்கள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுப் போகிறார்கள். வேற்றுமை அவ்வளவே, ஊரை விட்டுப் போகும் துயரம் ஒன்றே.

நாம் செய்யத் தக்கவை

கணக்கர் வரும் நாளில் நாம் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, வயதை உள்ளவாறு சொல்லுங்கள். நம் நாட்டுக் கணக்கில் 30, 35, 40 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகள் மலைபோல் குவிகின்றன. ஏனைய வயதுகள் பள்ளமாகக் கிடக்கின்றன. ஆபீஸ் ரிஜிஸ்தர்களில் ஜூலை 1-ல் பிறந்தோர் எத்தனை பேர் என்பதைக் குமாஸ்தாக்கள் அறிவோம். பாட்டிக்கு 'எழுபது இருக்கும்' என்று சொல்லாமல், எந்தப் பஞ்சத்தில், எந்தப் புயலில் பிறந்தார் என்று கேட்டுக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். எண்ணும் காலம் முழுவதும் பெரியவர்கள் நம்மோடிருந்தால் அவர்கள் இங்கேயே எண்ணப்பட வேண்டியவர்கள். விடுதியில் இருக்கும் பிள்ளை விடுதியில் எண்ணப்படுவான். இரண்டிடத்திலும் எழுதுவது பிழை. ஓரிடத்திலும் எழுதாமல் விடுவது பெரும் பிழை.

இரண்டாவது, வீட்டுப் பெண்களின் உழைப்பை மறைக்காதீர்கள். தையல் தைத்தோ, டியூஷன் நடத்தியோ, அப்பளம் இட்டு விற்றோ பொருளீட்டும் மனைவியை, 'சும்மா வீட்டிலிருக்கிறாள்' என்று எழுதச் சொல்லும் கணவர்கள் நம்மிடையே உண்டு. அவ்வொரு சொல்லால் ஒரு பெண்ணின் உழைப்பு தேசத்தின் கணக்கிலிருந்தே மறைந்துபோகிறது.

மூன்றாவது, தாய்மொழி. குழந்தைப் பருவத்தில் தாய் ஒருவரோடு பேசிய மொழியே அவருடைய தாய்மொழி என்பது குடிமதிப்பின் இலக்கணம். பிள்ளை பள்ளியில் இந்தியும் தெருவில் சத்தீஸ்கரியும் பேசலாம். தாய் தமிழில் தாலாட்டியிருந்தால் தமிழ் என்றே எழுதச் செய்யுங்கள். தாலாட்டியது தமிழிலா என்று உங்களையே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்த பிற மொழிகள் எவை என்று 2011-ல் தனியே கேட்டார்கள். அந்தக் கேள்வி வரும்போது சத்தீஸ்கரி என்று உண்மையாகச் சொல்லத்தக்கவாறு அம்மொழியையும் கற்றிருப்பது நமக்கு அழகு. நாம் தரும் விடைகளை வேறெவரும் பார்க்க இயலாது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை இரகசியமாகக் காக்கிறது. ஆகையால் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாதத்துக்கு ஒருநாள் சத்தீஸ்கரி கற்பிக்க உள்ளூர் ஆசிரியர் ஒருவரை அழைப்போம். அடுத்த ஆண்டு விழாவில் கோண்டி பேசும் பெரியவர் ஒருவரை இம்மேடையில் அமர்த்தி, ஒன்று முதல் ஏழு வரை எண்ணச் சொல்லி, நம் குழந்தைகளை உடன் எண்ணச் செய்வோம். கோடைக்கு ஊர் திரும்பும் தாத்தா பாட்டிகளை, மாதம் இரண்டு இருந்து கதை சொல்லிப் போகும்படி வற்புறுத்துவோம். இவை பெருஞ் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

ரயில் நிலையத்துத் தங்கும் அறையில் அமர்ந்திருப்பவன் சுவரில் ஆணி அடிக்க மாட்டான். பக்கத்தில் இருப்பவரின் பெயரையும் கேட்க மாட்டான். முப்பதாண்டுச் சர்வீஸை அப்படியே கழித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் குடிமதிப்பு அதிகாரி நம்மைப் பிரயாணி என்று எழுதுவதில்லை; சத்தீஸ்கரின் மக்கள் என்ற வரிசையில்தான் எழுதுகிறார். இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எண்களில் நம் எண்ணும் ஒன்று. அந்த எண்ணுக்கு நாம் உண்மையாக வாழ்வோமாக.